கோமோ ஏரிக்கரையில நாலு இரவு: வரென்னா வாடகை வீட்டுக்கு ஒரு குளக்கட்டுக்காரன் போடுற புள்ளி

வீட்டுக்கு அஞ்சில நாலு புள்ளி குடுக்கிறன். குறைச்ச ஒண்டு 112 படிக்கட்டுக்கு. எண்ணிப் பார்த்துத்தான் சொல்லுறன். ஏறேக்கயும் எண்ணினனான், இறங்கேக்கயும் எண்ணினனான், நாலு நாளும் கணக்கு மாறேல்லை. விளம்பரத்தில "ரெயின் ஸ்ரேசனிலயிருந்து பத்து நிமிச நடை" எண்டு போட்டிருந்தது. பொய்யெண்டும் சொல்ல ஏலாது. ஏழு நிமிசம் நடை, மிச்சம் மூண்டு நிமிசம் மலையேற்றம். மனுசிக்கு முழங்கால் வருத்தம் எண்டபடியால் எங்களுக்கு அந்த மூண்டு நிமிசம் கால் மணித்தியாலம்.

இதை எழுதிறதுக்குக் காரணம் ஊராக்கள்தான். வட்டக்கச்சிச் சந்தையில, கோயிலில, கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில கூட, "அண்ணை, இத்தாலிக்குப் போய் வந்தனீங்களாம், என்ன மாதிரி? எவ்வளவு முடிஞ்சது?" எண்டு கேட்டபடி. கிளிநொச்சிப் பக்கத்தில பிள்ளையள் சுவிஸிலயும் பிரான்சிலயும் இருக்கிற தாய் தகப்பன்மார் கன பேர். விசா கிடைச்சுப் போனால் மூண்டு மாசமும் பிள்ளையின்ர வீட்டுக்குள்ள இருந்து பேரப்பிள்ளையளுக்குப் புட்டவிச்சுக் குடுத்திட்டு, யன்னலால ரோட்டைப் பார்த்திட்டு வாறதுதான் வழக்கம். முதல்தரம் நாங்களும் அப்பிடித்தான் வந்தனாங்கள். ரெண்டாம்தரம் போக முன்னமே சுவிஸில பேர்ண் நகரத்தில இருக்கிற மகளுக்குப் போனில சொல்லிப்போட்டன்: "எங்கையாவது தண்ணி உள்ள இடமாக் கூட்டிக்கொண்டு போ, பிள்ளை."

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில 31 வருசம் வேலை செய்தனான். இரணைமடுக் குளத்தில, தண்ணி விடுற துருசுக் கதவு திறந்து பூட்டுற வேலையில தொடங்கி, மேற்பார்வையாளராப் பென்சன் எடுத்தனான். மற்றாக்கள் ஏரியைப் பார்த்தால் மலையைப் பார்ப்பினம், மாளிகையைப் பார்ப்பினம். எனக்கு முதல்ல கண் போறது தண்ணி எத்தினை அடி நிக்குது எண்டதிலதான். அதை மனசில வைச்சுக்கொண்டு இதை வாசியுங்கோ.

திட்டம் போடத் தொடங்கின விதமே பிழை. வவுனியாவில ஒரு பயண முகவர் நிலையத்தில (பேர் வேண்டாம், பிறகு சண்டை வரும்) போய்க் கேட்டன். பொடியன் கொம்பியூட்டரைத் தட்டி ஒரு தாள் எடுத்துத் தந்தான். அஞ்சு நாளில மிலான், கோமோ, கார்டா, வெனிஸ், பீசா. கோமோவுக்கு மூண்டு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தது. அந்தத் தாளைப் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினன். அவர் திருப்பி எடுத்து, "மாமா, உதில அறவாசி நேரம் நீங்கள் பஸ்ஸுக்குள்ளதான் இருப்பியள். மிச்சம் அறவாசி மாமி கழிப்பறை தேடிக்கொண்டு திரிவா" எண்டார். உண்மை. ஆனால் தாள் எழுதினதுக்கு அந்தக் கடைக்காரர் 3,000 ரூபா எடுத்தவை. அது போனது போனதுதான்.

விசாவைப் பற்றிக் கன பேர் குழம்பி நிக்கிறபடியால் ஒரு சொல்லு. இத்தாலிக்கெண்டு தனி விசா தேவையில்லை. சுவிஸும் இத்தாலியும் செங்கன் நாடுகள், ஒரே விசாவோட ரெண்டுக்கும் போகலாம். ஆகக் கூடின நாள் எந்த நாட்டில நிக்கப் போறியளோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேணும்; எங்களுக்கு அது சுவிஸ். பெரியாக்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்புறுதி ஆகக் குறைஞ்சது 30,000 யூரோவுக்குப் போட வேணும். விண்ணப்பம் ஆறு மாசத்துக்கு முன்னம் குடுக்கலாம், பதினைஞ்சு நாளுக்குப் பிந்தினால் எடுக்கமாட்டினம். மகள் அழைப்புக் கடிதத்திலயே இத்தாலிக்கு நாலு நாள் போறம் எண்டு எழுதி, வீடு பதிஞ்ச தாளையும் இணைச்சு விட்டவள். ஒளிச்சுச் செய்ய ஒண்டுமில்லை. எல்லை தாண்டேக்க ரெயினுக்குள்ள பொலிஸ் ஏறிப் பார்க்கும். பாஸ்போட்டைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டாமல் கையில வைச்சிருங்கோ.

மாசம் தெரியிறதிலதான் நான் கெட்டிக்காரன் எண்டு நினைக்கிறன். மகள் வைகாசி எண்டு நிண்டவள். அப்ப கரையோரத் தோட்டங்களில பூ நிறைஞ்சிருக்கும் எண்டு. ஆனால் வைகாசியில எனக்குச் சிறுபோகம் வயலில நிக்கும். ஆடி, ஆவணி எண்டால் உலகமே அங்கதான். வாடகையும் ரெண்டு மடங்கு. கார்த்திகையிலயிருந்து பங்குனி மட்டும் கன ஹோட்டலும் மாளிகையும் பூட்டு. மிஞ்சினது புரட்டாதி. சிறுபோகம் வெட்டி நெல்லு குடுத்து முடிஞ்சு, காலபோகத்துக்கு விதைக்க முன்னம், எங்கட ஆக்களுக்குக் கிடைக்கிற ஒரு இடைவெளி அதுதானே. பேர்ண் பள்ளிக்கூடங்களுக்கும் புரட்டாதியில இலையுதிர்கால விடுமுறை தொடங்குது. எல்லாம் பொருந்தி வந்தது. ஒண்டைத்தவிர: புரட்டாதிச் சனி. அதைப் பற்றிப் பிறகு சொல்லுறன்.

இனி எந்த ஊரில தங்கிறது. இதைச் சொல்ல ஏரியின்ர உருவத்தைச் சொல்ல வேணும். ஒரு மனிசன் காலை அகட்டி வைச்சு நிக்கிற மாதிரி. தலைப்பக்கம் வடக்கு, அங்கதான் அடா எண்ட ஆறு வந்து விழுது. இடது கால் பாதத்தில கோமோ நகரம், வலது கால் பாதத்தில லெக்கோ நகரம். ரெண்டு காலும் சேருற இடத்தில பெலாஜியோ. எங்கட இரணைமடுவுக்கும் ரெண்டு மடு சேர்ந்ததாலதான் அந்தப் பேர் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். அதனால எனக்கு இந்தப் படத்தைப் பார்த்த உடன ஒரு சொந்தம் வந்திட்டுது. மனுசிக்குச் சொன்னன், "இஞ்சரப்பா, இதுவும் இரணைதான்." அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்திட்டு, "காற்சட்டை மாதிரிக் கிடக்கு" எண்டா.

கோமோ நகரத்தில தங்கினால் கடையள் இருக்கு, பெரிய கோயில் இருக்கு, மின்கலம் கண்டுபிடிச்ச வோல்ட்டா பிறந்த ஊர். 1894இல கட்டின கம்பி இழுக்கிற மலை ரெயின் புரூனாத்தேக்கு ஏறுது. ஆனால் வடிவான ஊர்களெல்லாம் நடுவில. கோமோவிலயிருந்து மெதுவான படகில பெலாஜியோவுக்கு வர ரெண்டு மணித்தியாலம். பெலாஜியோவில தங்கினால் நடுவிலதான் நிப்பியள், ஆனால் அங்க ரெயின் இல்லை, வாடகை கழுத்தை நெரிக்கும், ஊரே படிக்கட்டு. மேற்குக் கரையில மெனாஜியோ. கார் உள்ள ஆக்களுக்கு நல்லது எண்டு சொல்லுகினம். அந்தக் கரை ரோட்டு ஒடுக்கம், ரெண்டு பஸ் சந்திச்சால் ஒண்டு பின்னுக்குப் போக வேணும். மருமகன் கார் கொண்டு போவம் எண்டுதான் ஆரம்பத்தில நிண்டவர். நான் ஒரே சொல்லில மறுத்துப்போட்டன்.

வரென்னா கிழக்குக் கரை. சின்ன ஊர், ஆனால் ரெயின் ஸ்ரேசன் இருக்கு, படகுத்துறை இருக்கு, ரெண்டுக்கும் நடந்து போகலாம். வயசு போன ஆக்களோட போறவைக்கு வேற ஊரை நான் யோசிக்கச் சொல்லமாட்டன். படிக்கட்டு இருக்கிற வீட்டை எடுத்தது எங்கட பிழை, ஊரின்ர பிழை இல்லை.

பேர்ணிலயிருந்து ரெயினில மிலான் மூண்டு மணித்தியாலம். வழியில சிம்ப்ளன் சுரங்கம் 20 கிலோமீற்றருக்குக் கிட்ட, 1906இல திறந்தது. பேரன் நேரம் பிடிச்சுக்கொண்டு வந்தான். மிலானில மாறி, திரானோ போற ரெயினில ஏறினால் ஒரு மணித்தியாலத்தில வரென்னா. ஏறேக்க இடது பக்க யன்னலில இருங்கோ. லெக்கோ தாண்டின உடன ஏரி அந்தப் பக்கம்தான் வரும். சுரங்கத்துக்குள்ள போகும், வெளிய வர நீலமாத் தண்ணி, திரும்பச் சுரங்கம், திரும்பத் தண்ணி. மனுசி முறுக்குப் பையை மறந்துபோய் வாயைத் திறந்துகொண்டு இருந்தவ. கடதாசி ரிக்கெற் எடுத்தால் ஏற முன்னம் மேடையில உள்ள மெசினில குத்த வேணும். குத்தாமல் ஏறினால் தண்டம். அந்த ரெயின் அடிக்கடி இல்லை, தவறவிட்டால் மிலான் ஸ்ரேசனில குந்த வேண்டியதுதான்.

இனி வீடு. ஆறு பேருக்கு நாலு இரவு, 980 யூரோ. துப்பரவுக்கெண்டு 80. ஊர்ச்சபை எடுக்கிற தங்கல் வரி தலைக்கு வேற. அதைக் காசாக் குடுக்க வேணும், மேசையில ஒரு கடித உறை வைச்சிருந்தவை. வீட்டுக்காரியை நாங்கள் கடைசி வரைக்கும் காணேல்லை. திறப்புக் கூட இல்லை, போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதைக் கதவில அமத்த வேணும். 112 படி ஏறி, மூச்சு வாங்கி, மகள் அமத்தினாள். திறக்கேல்லை. ரெண்டாம்தரம், மூண்டாம்தரம். மனுசி பெட்டிக்கு மேல குந்தியிட்டா. நாற்பது நிமிசத்துக்குப் பிறகுதான் வீட்டுக்காரியிட்டயிருந்து மன்னிப்போட புது இலக்கம் வந்தது. எங்கட ஊரில எண்டால் பக்கத்து வீட்டில திறப்பு இருந்திருக்கும்.

உள்ள போன உடன கோவம் போயிட்டுது, அதையும் சொல்லத்தான் வேணும். கல்லுச் சுவர், பழைய மர வளை, வெள்ளைத் துணி விரிச்ச நல்ல உறுதியான கட்டில். இந்த நாட்டுக் கட்டில்கள் கனக்க மெத்து மெத்தெண்டு முதுகை உடைக்கும், இது உடைக்கேல்லை. பெரிய அறையின்ர யன்னலைத் தள்ளினால் கீழ ஓட்டுக்கூரையள், அதுக்கங்கால ஏரி, அதுக்கங்கால பெலாஜியோ முனை. மூலையில சென் ஜோர்ஜ் கோயில் மணிக்கோபுரம். 14ம் நூற்றாண்டுக் கோயில் அது. விளம்பரத்தில ஏரி யன்னல் முழுக்க நிறைஞ்சு நிண்டது, நேரில முக்கால்வாசிதான். ஆனால் அந்த முக்கால்வாசி காணும்.

எங்கட ஆக்கள் கேக்க வெக்கப்படுற கேள்விக்கும் பதில்: தண்ணியால கழுவ வசதி இருக்கு. இத்தாலியில வீடு கட்டினால் குளியலறையில கழுவுற தொட்டி ஒண்டு கட்டாயம் வைக்க வேணும் எண்டு 1975இலயிருந்து சட்டம். சுவிஸில சிரட்டையும் போத்தலுமாத் திரிஞ்ச மனுசி, "இதுதான் நாகரிகமான நாடு" எண்டு தீர்ப்புச் சொல்லியிட்டா.

குசினிக்கு அரைப் புள்ளி குறைக்கலாம் எண்டு யோசிச்சு விட்டிட்டன். "முழு வசதியுள்ள சமையலறை" எண்டு போட்டிருந்தது. கோப்பி போடுற சின்னச் சாதனம் மூண்டு சைசில, வைன் குடிக்கிற கிளாஸ் பன்னிரண்டு. ஆறு பேருக்குச் சோறு வடிக்கப் பானை ஒண்டில்லை. மகள் பேர்ணிலயிருந்தே சோத்துக் குக்கரைக் காவிக்கொண்டு வந்தபடியால் தப்பினம். அடுப்புக்கு மேல நாலு பாசையில ஒரு அறிவித்தல்: தயவுசெய்து மீன் பொரிக்க வேண்டாம். ஏரிக்கரையில வீட்டைக் கட்டி வைச்சுக்கொண்டு மீன் பொரிக்காதை எண்டால் என்ன ஞாயம்? கட்டுப்பட்டம். பொரிக்கேல்லை, குழம்புதான் வைச்சம். அறிவித்தலில குழம்பைப் பற்றி ஒண்டுமில்லை.

இடையில வந்த புரட்டாதிச் சனிக்கிழமை மனுசி எள்ளுப் பொட்டலமும் நல்லெண்ணெயும் எடுத்து வெளிய வைச்சா. ஊரிலயிருந்து மடிச்சுக் கொண்டுவந்திருக்கிறா, எனக்கே தெரியாது. மகள் மேல புகை பிடிக்கிற கருவியைக் காட்டி, "அம்மா, அது கத்தினால் தீயணைப்புப் படை வரும்" எண்டாள். கடைசியில பல்கனியில, காத்துக்குச் சட்டியை மறைச்சு, எள்ளெண்ணெய் எரிச்சம். எதிர்ப் பல்கனியில ஒரு கிழவி கைகூப்பிக் காட்டினா. பின்னேரம் சென் ஜோர்ஜ் கோயிலுக்கும் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினா. மடு மாதா கோயிலுக்கும் போற ஆக்கள் நாங்கள், எங்களுக்கு அதில பிரச்சினை இல்லை.

படகு. இதுதான் நான் கன நேரம் கதைக்க வேண்டிய விசயம். இந்த ஏரியில விடுமுறை எண்டால் அது படகு நேர அட்டவணைதான். வீடு பதிய முன்னம், மாளிகை பார்க்க ரிக்கெற் எடுக்க முன்னம், அட்டவணையை எடுத்து வைச்சுக் கோடு போடுங்கோ. மூண்டு வகை. ஒண்டு கரைக்குக் கரை நிண்டு நிண்டு போற மெதுவான படகு. ரெண்டாவது கார் ஏத்துற பாதைப் படகு. வரென்னா, பெலாஜியோ, மெனாஜியோ, கடெனாபியா இந்த நாலுக்குள்ளயும் ஓடும், நடந்து போற ஆக்களையும் ஏத்தும். மூண்டாவது கோமோவிலயிருந்து வடக்கே கோலிகோ மட்டும் ஓடுற விரைவுப் படகு. அதுக்குக் காசு கூட, உள்ள மூடிக்கொண்டு இருக்க வேணும். எங்களுக்கு முதல் ரெண்டும் காணும். வரென்னாவிலயிருந்து பெலாஜியோ கால் மணித்தியாலம். நாங்கள் போகேக்க, தனித் தனியா எடுத்தால் ஒரு தரத்துக்கு அஞ்சு யூரோவுக்குக் கிட்ட. நடு ஏரிக்கு மட்டும் ஒரு நாள் ரிக்கெற் இருக்கு, அப்ப தலைக்கு 15 யூரோ அளவில. நாளில மூண்டு தரத்துக்கு மேல ஏறி இறங்கினால் அதுதான் லாபம். பின்னேரம் படகு குறைஞ்சு போகும். கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டதைக் காலமையே படம் எடுத்து வையுங்கோ.

மனுசிக்கு மாளிகையளில ஒரு ஆசையும் இல்லை. முழங்காலுக்குப் படகுதான் தோது எண்டு ஒரு நாள் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் படகிலயே இருந்தம். மகள் ஆக்கள் லென்னோவில இறங்கிப் பல்பியானெல்லோ மாளிகைக்குப் போச்சினம். இத்தாலியின்ர முதல் எவரெஸ்ட் குழுவை 1973இல நடத்தின மொன்சீனோ எண்டவர் வாழ்ந்த வீடு அது. நாங்கள் வரென்னா, பெலாஜியோ, கடெனாபியா, மெனாஜியோ, திரும்ப வரென்னா எண்டு சுத்திச் சுத்தி வந்தம். சோத்துப் பொதி கையில. மேல்தட்டில காத்து. ரிக்கெற் பார்க்கிற பொடியன் மூண்டாம்தரம் எங்களைக் கண்டு சிரிச்சுப்போட்டு ரிக்கெற் கேக்காமலே போனான்.

அந்தக் காத்துக்கும் பேர் இருக்கு. காலமை வடக்கிலயிருந்து வாறது திவானோ. மத்தியானத்துக்குப் பிறகு தெற்கிலயிருந்து வாறது பிரேவா. எங்களுக்கு வாடையும் சோழகமும் மாறி வர அரை வருசம் வேணும். இவையளுக்கு ஒரே நாளில ரெண்டும். பின்னேரப் படகில மேல்தட்டில இருக்கிறதெண்டால் காதை மூட ஒரு துணி வேணும்.

முதல்நாளே நான் கவனிச்ச விசயம் ஒண்டு. கரைக் கல்லில ஒரு முழத்துக்கும் கூட வெளுத்த கோடு. தண்ணி இறங்கியிருக்கு. படகுத்துறைப் பாலமும் சரிவாக் கிடக்கு. மருமகனிட்டச் சொன்னன், "தம்பி, இது சும்மா ஏரி இல்லை. எங்கையோ கதவு இருக்கு." அவர் போனில தேடிப் பார்த்திட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இருக்கு. லெக்கோவுக்குத் தெற்கே ஒல்ஜினாத்தே எண்ட இடத்தில அடா ஆத்துக்குக் குறுக்கால கதவு போட்ட அணை. 1946இலயிருந்து இந்த ஏரியின்ர மட்டத்தை அதுதான் ஏத்தி இறக்குது.

கணக்குப் பார்த்தன், பழக்க தோசம். ஏரி 146 சதுர கிலோமீற்றர். ஒரு மீற்றர் தண்ணியை மறிச்சு வைச்சால் 146 மில்லியன் கன மீற்றர், எங்கட கணக்கில ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரம் ஏக்கர் அடி. அதாவது இரணைமடு முட்டி வான் பாயேக்க நிக்கிற தண்ணி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. கோமோவில ஒரு மீற்றர், எங்கட முழுக்குளம். எங்கட குளம் 36 அடியில முட்டும். அந்த ஏரி 400 மீற்றருக்கு மேல ஆழம். ஆனால் வயலுக்குப் பாயிறது மேல உள்ள அந்தக் கொஞ்சத் தண்ணிதான், மிச்சம் சும்மா கிடக்கிற தண்ணி.

சண்டையும் எங்கட சண்டைதான். வைகாசி, ஆனியில மலையில பனி உருகித் தண்ணி வரும். அதை மறிச்சு வைச்சால்தான் ஆடி, ஆவணியில தெற்கே லோடி பக்கத்துக் கமக்காரருக்கு முட்சா வாய்க்காலால விடலாம். 13ம் நூற்றாண்டிலயிருந்து ஓடுற வாய்க்கால் அது. ஆனால் மறிச்சு வைச்சிருக்கேக்க பெருமழை பெய்தால் கோமோ நகரத்துச் சதுக்கத்துக்குத் தண்ணி ஏறும். ஏனெண்டால் அந்தக் காலுக்கு வெளிய போற வாசல் இல்லை, எல்லாத் தண்ணியும் லெக்கோக் காலாலதான் போக வேணும். இறக்கி வைச்சால் கமக்காரர் கத்துவினம், ஏத்தி வைச்சால் நகரத்தார் கத்துவினம். 2022 வரட்சியில ஏரி நல்லா வத்தினது. கதவடியில நிக்கிறவன்ர நிலைமையை நினைச்சுப் பார்த்தன். 2018 மார்கழி வெள்ளத்திலயும் எங்கட வான்கதவை ஏன் முன்னமே திறக்கேல்லை எண்டு ஒரு பக்கம், ஏன் திறந்தனீங்கள் எண்டு மற்றப் பக்கம். விடுமுறைக்குப் போற உங்களுக்கு இதில என்ன எண்டு கேட்டால்: வைகாசிக் கடைசி, ஆனியில போனால் ஏரி முட்டி நிக்கும், படத்துக்கு வடிவு. புரட்டாதியில போனால் வெளுத்த கரை தெரியும். அது குறை இல்லை, அந்தத் தண்ணி எங்கையோ சோளத்துக்கும் நெல்லுக்கும் போயிருக்கு.

சாப்பாட்டைச் சுருக்கமா முடிக்கலாம் எண்டு பார்த்தால் கருவாடு விடாது. இந்த ஏரியில ஒரு சின்ன மீனைப் பிடிச்சு, உப்புப் போட்டு, வெயிலில தொங்கவிட்டுக் காயவைச்சு, தகரத்துக்குள்ள வாசனை இலையோட அடுக்கி நெரிச்சு வைக்கினம். பேர் மிசொல்தீனி. வேற பேரில்லை, கருவாடுதான். அதை நெருப்பில வாட்டி, வினாகிரியும் எண்ணெயும் விட்டு, பொலெந்தா எண்ட சோளக்களியோட தருவினம். சனி விரதம் முடிஞ்சு ஞாயிறு மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில எடுத்தம். மனுசி ஒரு துண்டை வாயில வைச்சுக் கண்ணை மூடினா. "முல்லைத்தீவுக் கருவாடு" எண்டா. பிறகு, "மிளகாய் கண்டறியாத முல்லைத்தீவு" எண்டா. சோளக்களி எனக்குக் குரக்கன் களி மாதிரித்தான் இருந்தது, பிள்ளையள் தொடேல்லை. அவைக்குச் சோறும் எலும்பெடுத்த ஏரி மீன் துண்டும். மேசையில குந்தின உடன தலைக்கு ரெண்டு மூண்டு யூரோ "மேசைக் காசு" பில்லில ஏறும், ஏமாத்தினம் எண்டு சண்டைக்குப் போகாதையுங்கோ, அது அங்கத்தை வழக்கம். கோப்பியை நிண்டு குடிச்சால் ஒரு விலை, இருந்து குடிச்சால் வேற விலை. நான் நிண்டுதான் குடிச்சனான்.

வில்லா மொனாஸ்தேரோ தோட்டத்துக்கு மட்டும் ரிக்கெற் எடுத்துப் போனம். பழைய கன்னியர்மடம், கரையோரமா ரெண்டு கிலோமீற்றருக்குக் கிட்ட நீளும் தோட்டம், பெரும்பாலும் மட்டம், முழங்காலுக்கு நல்லது. 1954இல அணு விஞ்ஞானி என்றிக்கோ பெர்மி இங்க வந்துதான் பௌதிகம் படிப்பிச்சவர். பேரனுக்கு அதில பெரிய புழுகம். அங்கயிருந்து தெற்கே ஒரு கிலோமீற்றர் நடந்தால் ஒரு ஆறு. நீளம் 250 மீற்றர். மெய்தான், குகைக்குள்ள பிறந்து, நுரைச்சு வெள்ளையா விழுந்து, ரோட்டுக்குக் கீழால போய் ஏரிக்குள்ள முடியுது. பங்குனியில தொடங்கி இலையுதிர்காலத்தில நிண்டுபோகும். அதைப் பற்றி லியனார்டோ டாவின்சி எழுதி வைச்சிருக்கிறார். பேர் பியூமெலாத்தே, எங்கட பாசையில பாலாறு எண்டே சொல்லலாம். நாங்கள் போகேக்க மெலிஞ்சு போய்த்தான் ஓடினது. பேத்தி, "அம்மப்பா, இது ஆறோ வாய்க்காலோ?" எண்டாள். முப்பத்தொரு வருச அனுபவத்தில என்னட்ட அதுக்கு மறுமொழி இல்லை.

கடைசி நாள் மற்றவை சாமான் அடுக்கேக்க நான் தனிய ரெயின் எடுத்து, லெக்கோ தாண்டிக் கலோல்சியோகோர்த்தேயில இறங்கி, ஆத்தோரமா நடந்து ஒல்ஜினாத்தே கதவைப் பார்க்கப் போனனான். "விடுமுறைக்கு வந்து துருசு பார்க்கப் போற ஒரே ஆள் நீங்கள்தான்" எண்டு மனுசி. இரும்புக் கதவுகள், கீழால தண்ணி உருண்டு வெள்ளையாப் போகுது. அந்தச் சத்தம் எந்த நாட்டிலயும் ஒண்டுதான். கரையில ஒரு மணித்தியாலம் இருந்தன். தலைக் கவசம் போட்ட ஒருத்தர் உள்ளயிருந்து வந்து, என்ன வேணும் எண்டு கேட்டிருப்பார் போல. எனக்கு அவரின்ர பாசை தெரியாது. கையைச் சக்கரம் சுத்துற மாதிரிச் சுத்திக் காட்டி, நெஞ்சில தட்டிக் காட்டினன். விளங்கியிட்டுது மனுசனுக்கு. அவரும் சுத்திக் காட்டினார், பிறகு ஒரு விரலை நீட்டிப் பொத்தான் அமத்திக் காட்டிச் சிரிச்சார்.

முழுச் செலவு, ஆறு பேருக்கு, வீடு, ரெயின், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,300 யூரோவுக்குக் கிட்ட முடிஞ்சது எண்டு மகள் சொன்னவள். அறவாசிக்கு மேல குடுக்க அவள் விடேல்லை, நான் வற்புறுத்திக் குடுத்தது நெல்லுக் காசு. வீட்டுக்காரியும் எங்களுக்குப் புள்ளி போட்டிருக்கிறா: அமைதியான குடும்பம், வீடு துப்பரவு, குசினியில இதுவரை அறியாத நல்ல வாசம். அஞ்சில அஞ்சு. படிக்கு நான் குறைச்ச ஒண்டை நினைச்சுக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு, ஆனால் மாத்தேல்லை. போறவை வீட்டுக்காரருக்கு முதலே எழுதிக் கேளுங்கோ: எத்தினை படி?